இஞ்சியக்காவின் மூஞ்சி

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை இருக்கிறது. மாடியில் இருக்கும் எல்லா வார்டுகளின் அழுக்குத் துணியும் அங்கேதான் வந்து விழும். அழுக்கு என்றால் நம் வீட்டுக் காலர் அழுக்கு என்று நினைத்துவிட வேண்டாம். ரத்தம், சீழ், வாந்தி, மலம் எல்லாம் ஊறிக் காய்ந்து, காய்ந்ததன் மேல் மறுபடி ஊறிய படுக்கை விரிப்புகள். சலவை எந்திரத்தில் போடும் முன் ஒவ்வொன்றையும் கையால் பிரித்து உதற வேண்டும். உதறினால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். ஊசி இருக்கும், கத்தரி இருக்கும், பாதி கடித்த ஆப்பிள் இருக்கும். ஒருமுறை யாரோ ஒரு கிழவரின் பல்செட்டே சிரித்துக்கொண்டு கிடந்தது. எடுத்துவிட்டு அனுப்பவேண்டியது வார்டுக்காரர்களின் வேலை. கீழேயும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள் என்ற நினைப்பு மேலே இருக்கும் புண்ணியவான்களுக்குக் கிடையாது. சுருட்டிப் பைக்குள் திணித்தால் அவர்கள் கடமை முடிந்தது.

அந்த அறைக்குப் பொறுப்பு நம் இஞ்சியக்கா. பெற்றவர்கள் வைத்த பேர் இது இல்லை. கேன்டீனில் முகமூடியைக் கழற்றிவிட்டு அவள் டீ குடிப்பதைப் பார்த்த எவனோ ஒருவன் வைத்த பேர். பக்கத்து மேஜையில் யாராவது சூப்பை உறிஞ்சினால் போதும், இஞ்சி தின்ற குரங்கு மாதிரி அவள் முகம் கோணிவிடும். மூக்கு சுருங்கி, மேலுதடு ஒரு பக்கம் ஏறி, கண் பாதி மூடிக்கொள்ளும். காரமான ஆள் என்பதால் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அவளும் அந்தப் பேரைப் பெருமையாகவே சுமந்துகொண்டு திரிந்தாள்.

அந்த அறைக்கென்று சில வழக்கங்கள் உண்டு. உள்ளே யாரும் வாய் திறக்கக் கூடாது. பேசினால் தாடை அசையும், முகமூடி விலகும், உதறும்போது பறக்கிற கண்றாவி நேராக வாய்க்குள் போகும். தாங்க முடியாமல் குமட்டிக்கொண்டு வந்தால், கையை உயர்த்திக் காட்டிவிட்டு மூச்சுவிடாமல் வெளியே போய்விடலாம். ஏன் போனாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். முகம் தெளிந்ததும் திரும்பி வந்து விட்ட இடத்தில் வேலையைத் தொடரலாம். புதிதாக வருபவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவளே இஞ்சியக்காதான். ஆனால் அவள் ஒரு நாளும் கை உயர்த்தியதில்லை. முகமூடிக்குள் அவள் முகம் என்ன பாடுபட்டது என்பது அந்த முகமூடிக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் தலைகீழ். மலத்தைக் கண்டும் கை உயர்த்தாதவளுக்கு, வாஷ்பேசினில் புருஷன் காறித் துப்பிய பற்பசை நுரையைப் பார்த்தால் உடம்பெல்லாம் எரியும். அவர் பஸ் டிரைவர், வாயில்லாப் பூச்சி. ஒரு நாள் சோபாவில் உட்கார்ந்து காலைச் சொறிந்ததற்கு, சாப்பிடாமலேயே டூட்டிக்கு ஓடும் அளவுக்கு வாங்கிக் கட்டிக்கொண்டார். எல்லாவற்றையும்விட அவளுக்கு ஆகாதது மகள் மெல்லும் சத்தம். காலேஜில் முதல் வருஷம் படிக்கிற பெண், ஒரே பிள்ளை. ரொட்டியைக் கடித்து வாயை மூடி ஒழுங்காகத்தான் மெல்லுவாள். இருந்தாலும் அந்த ஈரச் சத்தம், எச்சிலில் ரொட்டி குழையும் சத்தம், இஞ்சியக்காவின் காதுக்குள் புழுவாக நெளியும்.

"சீ! மாடு அசைபோடுற மாதிரி என்னடி அது? மனுஷங்க பக்கத்துல உக்கார வேணாமா?"

இப்படித்தான் ஆரம்பிக்கும். பிறகு காலேஜ், மதிப்பெண், தலைமுடி என்று போய், அப்பா வழிச் சொந்தம் முழுக்க ஒரு சுற்று சுற்றிவிட்டு வரும். தட்டுகூடப் பறந்திருக்கிறது. மகள் முதலில் எதிர்த்துப் பேசினாள், அப்புறம் அழுதாள். அதற்கப்புறம் மேஜைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். கேட்டால் "பசிக்கல", "ஃபிரண்டு வீட்டுல சாப்பிட்டேன்", "படிக்கணும்". ஒரு நாள் அப்பாவிடம் போய், அடுத்த வருஷம் ஹாஸ்டலில் சேர்ந்துகொள்கிறேன் என்று சொன்னாள். காலேஜோ வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது.

புருஷன் அதை வந்து சொன்னபோது இஞ்சியக்காவுக்கு நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. தைத்ததைக் காட்டிக்கொள்வாளா? "போகட்டும், மெஸ்ஸுல எல்லாம் சேர்ந்து அசைபோடட்டும்," என்று சொல்லிவிட்டு, விளக்கிய பாத்திரங்களையே எடுத்து மறுபடி விளக்கினாள்.

மறுநாள்தான் ஆஸ்பத்திரியில் அது நடந்தது. எலும்பு முறிவு வார்டிலிருந்து வந்த மூட்டையை உதறிய ஒரு பெண்ணின் உள்ளங்கையில் ஊசி ஏறிவிட்டது. அதே வார்டுக்கு இஞ்சியக்கா எத்தனையோ முறை சொல்லி அனுப்பியிருந்தாள். இஞ்சியக்கா அந்த மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறி, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தலைமை நர்ஸின் மேஜைமேல் தலைகீழாகக் கொட்டினாள். கம்ப்யூட்டர் கீபோர்டின் மேலே, டிபன் பாக்ஸின் மேலே, அந்த அம்மாவின் மடியிலே. "இந்தா, உன் வார்டு! மோந்து பாரு!"

விசாரணை நடந்தது. ஊசி அனுப்பியவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கொட்டியவளுக்குத்தான் தீர்ப்பு: கவுன்சிலிங்குக்குப் போக வேண்டும், போகாவிட்டால் வேலை போகும். இந்த நியாயத்தை என்னவென்று சொல்வது! குப்பை போடுகிறவன் யோக்கியன், குப்பை என்று கத்துகிறவளுக்குப் பைத்தியப் பட்டம். ஆனால் அங்கே போகாவிட்டால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கவுன்சிலர் நடுவயது ஆள். அறைக்குள் நுழைந்ததுமே இஞ்சியக்காவுக்கு அந்த இடம் குமட்டியது. தூசி படிந்த பிளாஸ்டிக் செடி, யார் யாரோ அழுது துடைத்த நாற்காலிக் கைப்பிடி, சிரிக்கும் குழந்தையின் படம். போதாக்குறைக்கு அந்த ஆளுக்குத் தீராத ஜலதோஷம். ஒவ்வொரு வாக்கியத்தையும் மூக்கை உறிஞ்சிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

"சொல்லுங்க மேடம். இங்க வர்றதால உங்களுக்கு என்ன நடந்தா நல்லாருக்கும்னு நினைக்கிறீங்க?"

வேலை போகாமல் இருந்தால் போதும் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வந்தது வேறு.

"என் பொண்ணு என்கூட உக்காந்து சாப்பிடணும்."

சொன்ன பிறகு அவளுக்கே தன் மேல் எரிச்சல் வந்தது. முன்பின் தெரியாத, மூக்கு ஒழுகுகிற ஒருவரிடம் போய் இதைச் சொல்வானேன்?

"கோபம் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி உங்களுக்கு என்ன வரும்?"

"முன்னாடி என்ன வரும்? பஸ்ஸா வரும்? கோபம்தான் வரும்."

"இல்ல, உடம்புல. அடுத்த தடவை கொஞ்சம் கவனிச்சுட்டு வந்து சொல்லுங்க."

இதுக்கு ஒரு படிப்பு, இதுக்கு ஒரு சம்பளம் என்று திட்டிக்கொண்டே வெளியே வந்தாள். ஆனாலும் கவனித்தாள். கவனிக்காமல் இருக்க முடியவில்லை என்பதுதான் கொடுமை. புருஷன் தொண்டையைச் செருமினார். தன் தொண்டைக்குள் ஏதோ ஒன்று மேலேறுவதைப் பிடித்துவிட்டாள். கோபம் அதற்கப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது 'சீ'.

அடுத்த முறை போய் அதைச் சொன்னாள். கோபம் இல்லை சார், அருவருப்புதான் முதலில் வருகிறது என்றாள். அவர் தலையாட்டிவிட்டு, வேலையிடத்தில் அந்த அருவருப்பு எங்கே போகிறது என்று கேட்டார். அவ்வளவுதான், இஞ்சியக்கா வெடித்துவிட்டாள்.

"எங்க போகும்? முழுங்கிட்டுத்தான் நிப்பேன். எனக்குக் கீழ இருக்குற பொண்ணுங்க என்னைத்தான் பாக்குதுங்க. நான் ஒரு தடவை கை தூக்கினா அந்த ரூம்ல ஒருத்தியும் நிக்கமாட்டா. ஊர்ப் பீயையெல்லாம் அள்ளுறேன், சீன்னு சொல்ல எனக்கு உரிமை கிடையாது. வீட்டுல வந்து சொல்லாம வேற எங்க போய்ச் சொல்லுவேன்?"

தன் வாயிலிருந்தா அது வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். இத்தனை வருஷம் புருஷன் மேலும் பிள்ளை மேலும் கொட்டியது மாடி வார்டுகளின் மூட்டையைத்தான். அவர்கள் மடியில், அவர்கள் தட்டில். நினைக்க நினைக்க அவளுக்குத் தன்னையே பிடிக்கவில்லை.

கவுன்சிலர் அவசரப்படவில்லை. மூச்சை இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடச் சொல்லிக்கொடுத்தார். வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகாமல் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுப் போகச் சொன்னார். கடைசியில் இதையும் சொன்னார்: "அந்த 'சீ' மேல வருதுன்னு தெரிஞ்ச உடனே, இருக்கிறவங்ககிட்ட சொல்லிட்டு எழுந்து போங்க. சரியானதும் திரும்பி வந்து உக்காருங்க."

இஞ்சியக்காவுக்கு இது புரியாத விஷயமா? அவள் அறையின் வழக்கமேதான் இது! இதைச் சொல்ல ஒரு கவுன்சிலர் வேண்டுமா? அப்படி நினைத்ததில்தான் பிசகு நடந்தது. 'எழுந்து போங்க' என்பது அவள் காதில் விழுந்தது. 'சொல்லிட்டு' என்பது விழவே இல்லை. அந்த அறையில் யார் சொல்லிவிட்டுப் போகிறார்கள்? வாயைத் திறந்தால் ஆபத்து என்று ஊருக்கே பாடம் எடுத்தவள் அவள்.

அன்றிலிருந்து வீட்டில் சத்தமே இல்லை. அப்பாவின் கெஞ்சலுக்காக மகள் எப்போதாவது மேஜைக்கு வருவாள். அவள் ஒரு வாய் கடித்ததும் இஞ்சியக்காவின் தொண்டையில் அது ஏறும். உடனே உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கையை லேசாக உயர்த்திக் காட்டிவிட்டு, விடுவிடுவென்று பால்கனிக்குப் போய்விடுவாள். அங்கே நின்று மூச்சை மெதுவாக வெளியே விடுவாள். திரும்பி வரும்போது மகளின் நாற்காலி காலியாக இருக்கும், தட்டில் பாதி அப்படியே கிடக்கும். போகட்டும், சண்டை இல்லையே என்று தோளைத் தட்டிக்கொள்ளாத குறைதான். புருஷன்கூட, "இப்பல்லாம் வீடு எவ்வளவு அமைதியா இருக்கு பாரு," என்றார். அந்த மனுஷனுக்கு அமைதியாக இருந்தால் போதும், அது எந்த மாதிரி அமைதி என்றெல்லாம் ஆராய மாட்டார்.

பிறகு மகள் ஒரு காலை நேரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே, ஹாஸ்டலில் இடம் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இஞ்சியக்கா கொதித்துப்போனாள். அன்று கவுன்சிலிங் நாள். உள்ளே நுழைந்து உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"நன்றிகெட்ட ஜென்மம் சார்! இத்தனை வாரமா ஒரு வார்த்தை திட்டினேனா? பல்லைக் கடிச்சுக்கிட்டு எழுந்து போறேன். அதுக்குக் கிடைச்ச பரிசு இது!"

"எப்படி எழுந்து போவீங்க?"

"எப்படின்னா? இப்படித்தான்." உதட்டை இறுக்கினாள், கையை உயர்த்தினாள், எழுந்து கதவுவரை போய் நின்று காட்டினாள்.

"ஒண்ணும் சொல்லாமயா?"

"வாயைத் திறந்தா திட்டுதான் சார் வரும். அதான் மூடிக்கிறேன்."

அவர் வழக்கம்போல மூக்கை உறிஞ்சினார். உறிஞ்சிவிட்டு அவளையே பார்த்தார்.

"மேடம், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப நான் மூக்கை உறிஞ்சினதும் உங்க முகம் போன போக்கு உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன போக்கு? நான் ஒண்ணும் சொல்லலியே."

"சொல்லல. ஆனா நீங்க வர்ற நாள்ல நான் உங்க முன்னாடி தண்ணிகூடக் குடிக்கிறதில்ல. முதல் தடவை குடிச்சப்போ உங்க முகத்தைப் பாத்தேன். இது என் தொழில், எத்தனையோ பேரோட கோபத்தைப் பாத்தவன் நான். எனக்கே தொண்டைக்குள்ள தண்ணி இறங்கல."

மேஜைமேல் அவருடைய தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் இருந்தது. இஞ்சியக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையில் அவள் முகம் என்ன கோணலும் கோணலாம், அதற்கு ஒரு முகமூடி இருந்தது. வீட்டில் முகமூடி கிடையாது. திட்டுவதை நிறுத்திவிட்டோம் என்று அவள் மார்தட்டிக்கொண்டிருந்த நாளெல்லாம், வார்த்தையே இல்லாத அந்த மூஞ்சியை மட்டும் மகளின் தட்டுக்கு நேராகக் காட்டிவிட்டு எழுந்து போயிருக்கிறாள். திட்டினாலாவது அந்தப் பெண் பதிலுக்கு ஒன்று சொல்லியிருக்கலாம்.

"அப்ப நான் என்ன சார் பண்ணணும்? மூஞ்சியைக் கழற்றியா வைக்க முடியும்?"

"முடியாது. முகம் அதுபாட்டுக்கு சுளிக்கும். அது ஏன் சுளிக்குதுன்னு வாயால சொல்லலாம். சொல்லலன்னா எதிர்ல இருக்கிறவங்க அவங்களாவே ஒரு அர்த்தம் எடுத்துக்குவாங்க."

அன்று அவள் வேலைக்குத் திரும்பவில்லை. லீவு சொல்லிவிட்டு நேரே வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு கடைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். சும்மா நடக்கும்போதே மேலுதடு ஒரு பக்கம் ஏறித்தான் இருந்தது. த்தூ, இந்த மூஞ்சியையா அந்தப் பிள்ளை தினம் பார்த்துக்கொண்டு ரொட்டி தின்றது என்று நினைத்தாள்.

வீட்டைத் திறந்து உள்ளே போனால் ஹாலில் யாருமில்லை. மகளின் செருப்பு வாசலில் கிடந்தது. குளியலறையில் குழாய் திறந்திருக்கும் சத்தம் கேட்டது. குளிக்கிறாள் போலிருக்கிறது என்று செருப்பைக் கழற்றினாள். ஆனால் அது குளிக்கிற சத்தமாக இல்லை. வாளி நிறைந்து வழிந்து சும்மா ஓடிக்கொண்டிருந்தது. கதவருகே போனதும் தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. எந்தக் கூட்டத்தில் கேட்டாலும் அவளுக்கு அடையாளம் தெரியும் சத்தம் அது. மகள் மென்றுகொண்டிருந்தாள்.

"சீ!" கத்தியே விட்டாள். "கக்கூஸுக்குள்ள உக்காந்தாடி திங்குற!"

மெல்லும் சத்தம் சட்டென்று நின்றது. தண்ணீர் மட்டும் ஓடியது.

இஞ்சியக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வாரம் படித்த பாடம் எல்லாம் ஒரே 'சீ'யில் போய்விட்டது. பால்கனிக்குப் போய்விடலாம் என்று கால் தானாகத் திரும்பியது. போகவில்லை. மூச்சை மெதுவாக வெளியே விட்டாள். மறுபடி விட்டாள்.

"கதவைத் திற."

"முடிச்சுட்டு வரேன்மா. கழுவி விட்டுடறேன்."

கழுவி விட்டுடறேன். குற்றம் செய்துவிட்டுத் தடயத்தை அழிக்கிற மாதிரி.

"திட்டமாட்டேன். இல்ல, இப்பத்தான் திட்டிட்டேன். இனிமே திட்டமாட்டேன். திற."

தாழ்ப்பாள் விலகியது. மூடிய கழிப்பறை மூடியின்மேல் தட்டு. அதில் வெள்ளரிக்காய்த் துண்டுகளும் ரொட்டியும். ஓரத்தில் ஈரம்படாத இடம் பார்த்துக் கால்களை ஒடுக்கிக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்கவே தேவையில்லை. உட்காருவதற்கென்று மடித்துப் போட்ட பழைய துண்டு நசுங்கிப் போயிருந்தது.

தட்டைப் பார்த்ததும் இஞ்சியக்காவின் முகம் கோணியது. அவளால் அதைத் தடுக்க முடியவில்லை.

"அதோ," என்றாள் மகள், தட்டை எடுத்துக்கொண்டு எழப்போனவள். "அந்த மூஞ்சிதான். அதைப் பாக்க வேணாம்னுதான் இங்க வர ஆரம்பிச்சேன். நீ இல்லாதப்பகூட இப்ப இதுவே பழகிப்போச்சு."

"தெரியும். இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

மகள் தட்டோடு எழுந்து நின்றாள்.

"நாள் பூரா அங்க முகமூடி போட்டுட்டு நிக்கிறேன். மூஞ்சி உள்ள சுளிச்சு சுளிச்சு அப்படியே நின்னுபோச்சு. அருவருப்பா வருது எனக்கு. எதைப் பாத்தாலும் வருது. அது உன்மேல இல்லடி."

"நான் மெல்றது?"

பொய் சொல்லியிருக்கலாம். நிறையத் தாய்மார்கள் சொல்லியிருப்பார்கள். 'இல்லடா கண்ணு' என்று தலையைத் தடவிவிட்டு, நாளைக்கு மறுபடி அதே மூஞ்சியைக் காட்டியிருப்பார்கள்.

"அந்தச் சத்தம் எனக்கு ஆகலதான்," என்றாள். "அது என் வியாதி. நீ மெல்றதுல ஒரு தப்பும் இல்ல. உன் பக்கம் தப்பே இருந்ததில்ல."

மகளின் மூக்கு நுனி சிவந்தது. "நான் ஹாஸ்டலுக்குப் போகத்தான் போறேன். என் மனசை மாத்தலாம்னு பாக்காத."

"போ. வேணாங்கல." இஞ்சியக்கா அந்த ஈரத் தரையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். உடுப்பின் பின்புறம் முழுக்க நனைந்து சில்லிட்டது. "முகம் சுளிக்கும். நான் சொல்லிட்டேன். அதுபாட்டுக்கு சுளிக்கட்டும், நீ சாப்பிடு."

மகள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நம்பவில்லை என்று அவள் கண்ணிலேயே தெரிந்தது. இந்த அம்மா எவ்வளவு நேரம் தாங்குவாள் என்று கணக்குப் போடுகிறாள். பிறகு துண்டின்மேல் உட்கார்ந்தாள். கையை நீட்டிக் குழாயை இறுக்கி மூடினாள். அறை முழுக்க அமைதியானது.

தட்டிலிருந்து பெரிய துண்டு வெள்ளரிக்காயாகப் பார்த்து எடுத்தாள். அம்மாவின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், வாயை நன்றாகத் திறந்து, நறுக்கென்று கடித்தாள். வேண்டுமென்றே வாயை மூடாமல் மென்றாள். இஞ்சியக்காவின் மூக்கு சுருங்கியது, உதடு ஏறியது, கண்ணில் தண்ணீர் முட்டியது.

"வருதா?" என்றாள் மகள், வாய் நிறைய வைத்துக்கொண்டு.

"வருது," என்றாள் இஞ்சியக்கா. "இன்னொண்ணு எடு."